எட்டு மீட்டர் தள்ளி நிற்கும் ஆள்

கடைக்குள் வந்த அந்த மனிதர் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகைக்கு நேராகப் போய் நின்றார். "அக்கா, எனக்குக் கண்ணு போகப் போவுது. எவ்ளோ நாளாவும்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

காரைக்காலில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பின்னறையில் நானே கண் பரிசோதனையும் செய்கிறேன். பவர் ஏறிவிட்டதா என்று கேட்பவர்கள் தினமும் வருவார்கள். கண் போய்விடும் என்று முடிவே கட்டிக்கொண்டு வருபவர்கள் குறைவு. அவரை உட்கார வைத்து விசாரித்தேன்.

கிளிஞ்சல்மேட்டுக்காரர். மினி வேனில் மீன் பெட்டிகளை ஏற்றி நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கம் கொண்டுபோய்ப் போடுகிறவர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். இருட்டிய பிறகு எதிரே வண்டி வந்தால் கண்ணில் வெள்ளையாக ஒரு திரை விழுகிறது, அது விலகுவதற்குள் சாலை எங்கே என்று தெரியாமல் போகிறது என்றார். சில நாள் முன்பு வாஞ்சூருக்கு இந்தப் பக்கம் வேன் தார்ச்சாலையை விட்டு இறங்கி வாய்க்கால் கரையில் சாய்ந்து நின்றுவிட்டது. பெட்டிகள் சரிந்து ஐஸும் மீனும் சேற்றில் கிடந்தன. அவருக்கு அடி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கும் அடி இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த அம்மா வேனில் ஏறுவதில்லை.

"எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்க்கா ஆரம்பிச்சிச்சு. மொதல்ல ஒரு கண்ணு, அப்பறம் இன்னொண்ணு. வண்டிய மச்சான்கிட்ட குடுத்துட்டு வீட்டோட இருந்துடலாம்னு பாக்குறேன்."

எழுத்துகளைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரியைத் தடுமாறாமல் படித்தார். கண்ணின் அழுத்தம் பார்த்தேன், சரியாக இருந்தது. வாரம் ஒருமுறை எங்கள் கடைக்கு வரும் கண் மருத்துவர் அன்று இருந்தார், அவரிடமும் காட்டினேன். அவர் மருந்து விட்டு, விழித்திரை வரை பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு" என்றார்.

"உங்க கண்ணுல ஒண்ணும் இல்லங்க" என்றேன்.

அவருக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "அப்ப ஏன் தெரிய மாட்டேங்குது?"

"எதிர்ல வர்ற வண்டியில லைட்டு அதிகமா இருக்கும்."

"லைட்டு அதிகமா இருந்தா நல்லாத்தானக்கா தெரியணும்?"

பதில் எனக்குத் தெரியும். கண்ணுக்குள் போய்ச் சிதறும் வெளிச்சம் பற்றிப் பாடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் படித்ததைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மருத்துவரின் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். நம்பவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது.

அவருக்குப் பிறகுதான் நான் கவனிக்க ஆரம்பித்தேன். ராத்திரி வண்டி ஓட்டக் கண்ணாடி வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், டியூஷன் முடித்து ஸ்கூட்டரில் வீடு திரும்பும் ஆசிரியை, நெல் ஏற்றும் டிராக்டர்காரர். சோதித்தால் பாதிப் பேருக்குக் கண்ணில் குறையே இல்லை. இன்டர்நெட்டில் விற்கும் மஞ்சள் கண்ணாடியைக் கேட்டார்கள். அது இருட்டில் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் குறைக்குமே தவிர, கூச்சத்தைப் பெரிதாகத் தடுக்காது என்று சொல்லி வியாபாரத்தை நானே கெடுத்துக்கொண்டிருந்தேன்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு பெரியவர் எங்கள் வாடிக்கையாளர். அவர் மட்டும் மஞ்சளை விடவில்லை. "அங்க நான் இருந்தப்ப எல்லாக் காருக்கும் ஹெட்லைட் மஞ்சளாத்தான் இருக்கணும், சட்டமே அப்படி. வெள்ளை லைட்டோட ஒரு வண்டி வந்தா வெளிநாட்டுக்காரன்னு தெரிஞ்சிடும்" என்றார். பிறகு அந்தச் சட்டத்தை அவர்களே எடுத்துவிட்டார்களாம். ஒரு விளக்கின் நிறத்துக்குக்கூட ஒரு நாடு உட்கார்ந்து சட்டம் போடும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அப்படியானால் இங்கே நமக்கு என்ன சட்டம் என்ற கேள்வி அப்போதே லேசாக எழுந்தது. மறந்தும் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் என் கணவர் காரை எடுத்துக்கொண்டு போனார். மதியம் திரும்பி வந்து, "இனிமே நீ பயப்படாம வரலாம்" என்றார். கடையை மூடிவிட்டுத் தருமபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இருட்டில் நான்தான் ஓட்டி வருகிறேன். பழைய கார். ஹெட்லைட் அகல் விளக்கு போல எரிகிறது என்று நான் பலமுறை புலம்பியிருந்தேன். அவர் பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்.இ.டி. பல்புகளை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மறுநாள் சாயங்காலம் ஓட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. கடைப் பலகைகளைத் தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது. சாலையோரத்தில் படுத்திருந்த நாயின் காது வரைக்கும் தெரிந்தது. ஆனால் எதிரே வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக லைட்டை அணைத்து அணைத்துப் போட்டன. டிம்மில்தானே வருகிறேன் என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன். டிம்தான். மொபெட்டில் வந்த ஒருவர் ஒரு கையை எடுத்துக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் ஓட்டியபடி என்னைக் கடந்து போனார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பல்பு வந்த அட்டைப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். கழற்றிய பழைய பல்புகளைக் கணவர் அதற்குள்தான் போட்டு வைத்திருந்தார். மருந்து டப்பாக்களில் பொடி எழுத்துப் படிப்பது என் தொழில் பழக்கம். பெட்டியின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது: பொதுச் சாலையில் பயன்படுத்துவதற்கு அல்ல.

"என்னங்க, ரோட்டுல போடக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"அது சும்மா போடுறது."

"ரோட்டுல இல்லாம காரை எங்க ஓட்டுறது? கடல்லயா?"

அவர் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார்.

எனக்குத் தூக்கம் கெடவில்லை. ஆனால் விடவும் முடியவில்லை. மறுநாள் அந்தப் பல்பை மாட்டிய கடைக்கு போன் செய்தேன். "எல்லாரும்தான் போடுறாங்க மேடம். இது சரியா தப்பான்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்" என்றார் கடைக்காரர், ஏதோ பரிசு கொடுப்பவர் போல. என் கடைக்கு மூக்குக் கண்ணாடிக்கு வந்த ஒரு போக்குவரத்துக் காவலரிடம் கேட்டேன். "ஹெல்மெட்டு, சீட் பெல்ட்டு பாக்கவே நேரம் சரியா இருக்குதும்மா. லைட்டுக்கு ரூல் இருக்கு. ஆனா கரெக்டா என்னன்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ்லதான் கேக்கணும்" என்றார்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய சந்தேகம். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாடு. பெட்ரோல் விலை மாறும், மது பாட்டில் விலை மாறும், பள்ளிக்கூட லீவுகூட மாறும். லைட்டுக்கான சட்டமும் மாறுமா? இங்கே சரியாக இருக்கும் ஹெட்லைட் நாகூர் போவதற்குள் தப்பாகிவிடுமா?

கேட்க ஒரு வாய்ப்பு தானாகவே வந்தது. கார் வாங்கிப் பதினைந்து வருடம் முடிந்து, பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு வண்டியைப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோய் ஆய்வாளரிடம் காட்ட வேண்டும்.

"அன்னைக்கு மட்டும் பழைய பல்ப மாட்டிக்குவோம். பாஸ் ஆனதும் மாத்திக்கலாம்" என்றார் கணவர்.

"மாட்டவேணாம். இப்படியே போவோம். என்ன சொல்றாங்கன்னு பாப்போம்."

"வேணும்னே போயி ஃபெயில் ஆவணுமா?"

"தெரிஞ்சிக்கலாம்ல."

பல்லைக் கடித்துக்கொண்டு கூட வந்தார். ஆய்வாளர் என்னைவிட வயதில் சின்னவர், சுறுசுறுப்பான பெண். பிரேக், ஹாரன், டயர் எல்லாம் பார்த்தார். லைட்டைப் போடச் சொன்னார். பகல் வெளிச்சத்திலும் அந்த நீல வெள்ளை தனியாகத் தெரிந்தது. முன்னால் குனிந்து பார்த்தவர், "இது கம்பெனியில வந்த பல்பு இல்லையே?" என்றார்.

கணவர் என்னைப் பார்த்தார். "இல்லைங்க. மாத்தினது. மாத்தலாமா கூடாதான்னு கேக்கத்தான் இப்படியே கொண்டுவந்தோம்" என்றேன்.

ஆய்வாளர் சிரித்துவிட்டார். "கேக்குறதுக்காகவா? சரி, சொல்றேன். பல்பு பியூஸ் ஆனா மாத்தலாம். வண்டியோட வந்த அதே டைப், அதே வாட்ஸ். அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. கம்பெனியிலேயே எல்.இ.டி. வச்சு வந்த வண்டின்னா அதுவும் சரி. ஏன்னா அந்த லைட்டு மொத்தமா டெஸ்ட் பண்ணி அனுமதி வாங்கி வருது. ஆனா மஞ்சள் பல்புக்குன்னு செஞ்ச ஹெட்லைட்டுக்குள்ள இதைத் திணிச்சா, அது அனுமதி வாங்கின லைட்டே இல்ல. வண்டியை உருமாத்தின கணக்குல வரும். அபராதம் உண்டு, ஜெயிலுக்கும் சட்டத்துல எடம் இருக்கு."

"வாஞ்சூருக்கு அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கமும் இதேதாங்க. மத்திய அரசோட சட்டம். காஷ்மீர் வரைக்கும் ஒண்ணுதான்."

"வெளிச்சம் அதிகமா இருந்தா நல்லதுதானங்க மேடம்?" என்றார் என் கணவர். வேன்காரர் கேட்ட அதே கேள்வி.

"உங்களுக்கு நல்லது சார். எதிர்ல வர்றவருக்கு? டிம் லைட்டு ஒருத்தர் கண்ணைக் கூசவைக்கக் கூடாதுன்னு ரூல்லயே இருக்கு. அந்த ஒருத்தர் எங்க நிக்கிறாருன்னுகூட இருக்கு. படிச்சுப் பாருங்க. பழைய பல்ப மாட்டிக்கிட்டு வாங்க, பாஸ் பண்ணித் தர்றேன்."

அன்று கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போனில் அந்த விதியைத் தேடிப் படித்தேன். சட்டம் என்றால் கூடாது, கூடாது என்று மட்டும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது ஒரு ஆளை நிற்க வைத்திருந்தது. விளக்கிலிருந்து எட்டு மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அந்த ஆளின் கண். அந்தக் கண் கூசாதபடி ஒளி கீழ்நோக்கி இறங்கியிருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆணா, பெண்ணா, நடக்கிறாரா, ஓட்டுகிறாரா, எதுவும் இல்லை. ஆனால் எங்கே நிற்கிறார் என்பது அவ்வளவு துல்லியமாக இருந்தது.

கடையில் உயரம் பார்க்கும் அளவுகோல் உண்டு. என் கண் மட்டத்தை அளந்தேன். ஒன்றரை மீட்டர், ஒரு விரல்கடை முன்னே பின்னே. அந்த ஆள் என் உயரம்.

அந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வேன்காரருக்கும் போன் செய்தேன். "உங்க கண்ணுல ஒண்ணும் இல்லன்னு நான் சொன்னதை நீங்க நம்பல. சாயங்காலம் வாங்க, காட்டுறேன்." அவர்தான் கிளிஞ்சல்மேட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில், வீடுகள் முடிந்து தெருவிளக்கும் முடிகிற இடத்தைச் சொன்னார். இருட்டத் தொடங்கியதும் போனோம். என் கணவர் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பிறகு அவரே ஓட்டிக்கொண்டு வந்தார்.

அளக்க டேப் கொண்டுபோக மறந்துவிட்டேன். ஆனால் சேலை ஐந்தரை மீட்டர் என்பது தெரியும். காரின் சீட்டு மேல் விரித்திருந்த பழைய நூல் சேலையை உருவினேன். அதை ஒரு முறை முழுசாகவும், பிறகு பாதிக்குச் சற்றுக் குறைவாக மடித்தும் சாலையில் விரிக்க முயன்றோம். கடல் காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஒரு முனையை வேன்காரர் காலால் மிதித்துக்கொள்ள, மறு முனையோடு நான் ஓடினேன். அந்த வழியாகச் சைக்கிளில் வந்த ஒருவர், "என்னா, ரோடு அளக்குறீங்களா? ரோடு போடப் போறாங்களா?" என்று ஆவலாகக் கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு ஏமாற்றம்.

குறித்த இடத்தில் போய் நின்றேன். "போடுங்க" என்றேன்.

முகத்தில் ஒரு வெள்ளைச் சுவர் வந்து நின்றது. முதலில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் இரண்டு வெள்ளைப் பந்துகள். அவற்றைச் சுற்றி எதுவும் இல்லை. கார் இல்லை, சாலை இல்லை, ஓரத்துச் சவுக்கு மரங்கள் இல்லை. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"என்னைத் தெரியுதா?" கணவரின் குரல்.

"எங்க நிக்கிறீங்க?"

"பின்பக்கக் கதவுக்குப் பக்கத்துல, ரோட்டுமேல. வெள்ளைச் சட்டை போட்டிருக்கேன், தெரியலையா?"

தெரியவில்லை. நான் ஒரு வண்டியில் எதிரே வந்திருந்தால், அவர் நின்ற இடத்தின் வழியாகத்தான் போயிருப்பேன். குரல் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பதாண்டுப் பழக்கமான முகம் இருக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை.

நான் விலகி வேன்காரரை நிற்கச் சொன்னேன். அவர் கொஞ்சம் உயரம். முழங்காலை மடக்கிக் கண் மட்டத்தை இறக்கிக்கொண்டார். ஒரு கணம்தான். "இதுதான்க்கா! இதேதான்!" என்று கத்தினார். "இந்தத் தெரைதான்! அன்னைக்கு வாஞ்சூர்ல விழுந்தது இதேதான்!" பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "உங்களுக்கும் தெரியலையா?"

"எனக்கும் ஒண்ணும் தெரியல."

"நெசமாவா?"

"அவர் வெள்ளைச் சட்டைகூடத் தெரியல."

அவர் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நான் கடையில் சொன்ன பாடமும் மருத்துவரின் சீட்டும் செய்யாததை, எனக்கும் தெரியவில்லை என்ற ஒரு வார்த்தை செய்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "கடல்லயே பெரிய லைட்டு போட்டு மீன் புடிக்கக் கூடாதுன்னு தடை வச்சிருக்காங்க. மீனுக்கு இருக்குற சட்டம் மனுசனுக்கு இல்லையான்னு நெனச்சேன். இருக்குதுங்கிறீங்க" என்றார்.

என் கணவர் அதுவரை காரின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு என்னைக் கார் பக்கம் போகச் சொல்லிவிட்டு, அவரும் வந்து அந்த இடத்தில் முழங்காலை மடக்கி நின்றார். நான் கதவருகே நின்று கையை ஆட்டினேன். அவர் நேராக வந்து பானெட்டைத் திறந்தார். போன் வெளிச்சத்தில், மாட்டிய பல்புகளைக் கழற்றினார். காரில் கொண்டுவந்திருந்த அட்டைப் பெட்டியிலிருந்து பழையதை எடுத்து மாட்டினார். மறுபடி நின்று பார்த்தோம். மஞ்சளாக இரண்டு விளக்கு. கூச்சம் கொஞ்சம் உண்டு. ஆனால் கார் தெரிந்தது, மரம் தெரிந்தது, வெள்ளைச் சட்டையில் என் கணவரும் தெரிந்தார்.

ஏன் இப்படி என்பது கையில் இரண்டு பல்புகளையும் வைத்துப் பார்த்தபோது எனக்கு விளங்கியது. பழையதில் ஒளி வருவது ஒரு முடி அளவுக் கம்பியிலிருந்து. அந்தக் கம்பி எங்கே இருக்குமோ அதைக் கணக்கிட்டுத்தான் ஹெட்லைட்டுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் கிண்ணத்தை வளைத்திருக்கிறார்கள். புதியதில் ஒளி வேறு இடத்திலிருந்து, வேறு அளவில் வருகிறது. கிண்ணம் அதை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் இறைக்கிறது. ஒருவருக்கு எழுதிய லென்ஸை இன்னொருவர் ஃபிரேமில் மாட்டிக் கொடுத்தது போல.

மறுமுறை போனபோது ஆய்வாளர் பாஸ் செய்து கொடுத்தார். ஆனால் என் பழைய குறை அப்படியே இருந்தது, லைட் மங்கல்தான். அதையும் அவரிடமே கேட்டேன். விளக்கை மூடியிருக்கும் பிளாஸ்டிக்கைத் தடவிக் காட்டினார். உப்புக் காற்றும் துறைமுகத்து நிலக்கரித் தூசும் வெயிலும் சேர்ந்து அது பழுத்த மூக்குக் கண்ணாடி போல ஆகியிருந்தது. தினமும் கீறல் விழுந்த லென்ஸைப் பார்க்கிறவள், என் காரின் லென்ஸைப் பார்க்கவில்லை. மெக்கானிக் அதைத் தண்ணீர் விட்டு நைஸான உப்புத்தாளால் தேய்த்து மெருகு போட்டார். பச்சை பூத்திருந்த ஒயர் முனைகளையும் மாற்றினார். பகல் மாதிரி ஆகவில்லை. ஆனால் பயமில்லாமல் வீட்டுக்கு வர அது போதுமாக இருந்தது. யாரும் என்னைப் பார்த்து லைட் அடிக்கவில்லை.

வேன்காரர் வண்டியை மச்சானிடம் கொடுக்கவில்லை. எதிரே கூசும் லைட் வந்தால் இடது ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கிறேன், பயப்படுவதில்லை என்றார். அவர் மனைவி ஏறுகிறாரா என்று கேட்டேன். "ஏறுது. ஆனா பூரா வழியும் வாயை மூடல, 'மெதுவா, மெதுவா'ன்னு" என்றார்.

என் கணவருக்கு வேலை கீழவாஞ்சூரில், ஒரு லாரி புக்கிங் ஆபீஸில். அந்தக் கடற்கரைச் சாலைச் சாயங்காலத்துக்குப் பிறகு அவருக்கு லாரிகளின் நெற்றி கண்ணில் படத் தொடங்கியது. கூடுதலாக விளக்கு மாட்டிய டிரைவர்களிடம் அவர் பேச ஆரம்பித்தார். சிலர் சிரித்தார்கள். சிலர், எதிரே வருகிறவன் அணைத்தால் நானும் அணைக்கிறேன் என்றார்கள். அரியலூர்ப் பக்கத்திலிருந்து நிலக்கரி ஏற்ற வரும் ஒருவர் மட்டும், "சார், எனக்கு அது இல்லாட்டி ரோடே தெரியாது" என்றாராம். வீட்டில் வந்து சொன்னபோது நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

"அவர் வயசு என்ன?"

"அம்பது, அம்பத்தஞ்சு இருக்கும்."

"நாளைக்கு லோடு ஏத்துற நேரத்துல கடைக்குக் கூட்டிக்கிட்டு வாங்க."

கூட்டி வந்தார். விளக்கை வைத்துப் பார்த்ததுமே தெரிந்தது. இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் நன்றாகவே முற்றியிருந்தது. மங்க மங்க அவர் தன் கண்ணைச் சந்தேகிக்கவில்லை, லைட்டைச் சந்தேகித்தார். ஒன்று மாட்டினார், போதவில்லை, இன்னொன்றும் மாட்டினார். எதிரே வருகிறவர்கள் ஏன் கத்துகிறார்கள் என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. நான் சொன்னதும், "கண்ணுலயாம்மா கோளாறு? நான் பேட்டரி வீக்குன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

இரண்டு கண்ணிலும் அறுவை செய்துகொண்டார். சில மாதம் வண்டி எடுக்கவில்லை. திரும்ப வந்தபோது கடைக்கு வந்து நின்று, வாசலில் தெரிந்த பெயர்ப் பலகையிலிருந்து எதிர்வரிசை மருந்துக்கடை வரை எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டினார். லாரியின் நெற்றியிலிருந்த இரண்டு விளக்குகளையும் கழற்றிவிட்டாராம். அவருக்கே கூசியதாம்.

"எல்லாத்தையும் கழட்டியாச்சா?" என்றேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா, உள்ள சாமி படத்துக்கு மேல போட்டது. சின்னதுதான், நீலக் கலரு. அதைக் கழட்ட மனசு வரல. அதுவும் தப்பா?"

தெரியவில்லை என்றேன். வண்டிக்கு முன்னால் நீல விளக்கு யார் யார் போடலாம் என்று ஒரு விதி இருப்பதாக எங்கேயோ பார்த்த ஞாபகம். ஆனால் லாரியின் முன்கண்ணாடிக்கு உள்ளே, சாமிக்கு என்றால்? கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். அந்த ஆய்வாளர் இப்போது லீவில் இருக்கிறார்.